அவர் காலுக்கு நான் வைத்த வேண்டுதல்

வேண்டுதலை வைத்தது நான். நடந்தது என் வீட்டுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பின்னால் வந்ததெல்லாம் அவர் தலையில் போய் விழும்.

சீனாக்காரன் சண்டை வந்தபோது அவர் பட்டாளத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கோ பனிமலைப் பக்கம். மாதம் ஒன்று என்று வந்துகொண்டிருந்த கடுதாசி நின்றுபோனது. மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டும்போது சைக்கிளை அழுத்தி மிதிப்பார், என் முகத்தைப் பார்க்க முடியாமல். ஒரு நாள் விறுவிறுவென்று அண்ணாமலையார் கோயிலுக்குப் போனேன். கொடிமரத்துக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டே சொன்னேன்: "அவரு ரெண்டு காலோட வீடு வந்து சேரட்டும். உசுரு இருக்கிற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வெறுங்காலோட உன் மலைய சுத்துவாரு."

அவரைக் கேட்டுக்கொண்டா சொன்னேன்? எங்கள் ஜனங்களிடம் அந்த வழக்கமே கிடையாது. குழந்தைக்கு மொட்டை போடுவதாகத் தாய் வேண்டிக்கொள்வாள். குழந்தையின் சம்மதத்தையா கேட்கிறாள்?

இரண்டு காலோடு வந்து சேர்ந்தார். இன்னும் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்கே வந்துவிட்டார். வேங்கிக்காலில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். இப்போது ஆபீசும் புதுப்புது வீடுமாக இருக்கிற அந்த இடம் அப்போது ஏரியும் கழனியும்தான். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போட்டோம், கிணறு வெட்டினோம். பென்ஷனோடு வந்த முதல் வாரமே வேண்டுதலைச் சொன்னேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

"மாசா மாசமா?"

"மாசா மாசம்."

"வெறுங்காலோடவா?"

"ஆமாங்க."

"சரி. ஆர்டர்னா ஆர்டர்தான். யாரு போட்டதுன்னு கேக்கக் கூடாது."

அன்றிலிருந்து ஒரு பௌர்ணமி தப்பியதில்லை. மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும், கோழி கூவும்போது கிளம்பி மலையைச் சுற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்து பழைய சோறு குடிப்பார்.

நாலைந்து வருஷம் போனது. அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. எந்நேரமும் தாகம் என்றார், உடம்பு இளைத்தது. ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சர்க்கரை வியாதி என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையை மணி தவறாமல் விழுங்குவார். தீபாவளி நோன்புக்கு நான் சுடுகிற அதிரசத்தையும் விடமாட்டார். "சாமிக்குப் படைச்சதுல இன்னா சர்க்கரை ஏறப் போவுது?" என்பார். நானும் அதை நம்பினவள்தான். நோன்பு இருப்பதே அவருக்காக. அவர் சாப்பிடாத அதிரசத்தை யாருக்கு வைப்பது?

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், சித்திரை மாதப் பௌர்ணமி. கிணற்று மோட்டார் ரிப்பேர் ஆகி, அதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்பவே பத்து மணி தாண்டிவிட்டது. நாளைக்குப் போகலாம் என்றேன். நாளைக்குப் பௌர்ணமி இருக்காது என்றார். உச்சி வெயிலில் தார் ரோட்டில் நடந்திருக்கிறார். மலை சுற்றுகிற பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் அவருடைய தங்கை, என் நாத்தனார், மோர்க்கடை வைத்திருந்தாள். அங்கே நடந்ததை அவளே வந்து சொன்னாள்.

"அண்ணி, தாரு உருகுது. ஜனமெல்லாம் ஓரமா மண்ணுல குதிச்சிக் குதிச்சிப் போவுது. எங்கண்ணன் நடுரோட்டுல நேரா வர்றாரு, பரேடுல வர்ற மாதிரி. 'அண்ணே, காலு சுடல?'ன்னு கேட்டேன். 'எனக்கு ஒண்ணும் தெரியலியே'ன்றாரு! அங்கயே ரெண்டு பொம்பளைங்க அவரு கால்ல விழுந்தாங்க அண்ணி. அண்ணாமலையாரு அவரு காலுக்கு வெயில் தெரியாம பண்ணிட்டாரு."

ஊரெல்லாம் அந்தப் பேச்சு பரவியது. கிணற்றடியில் நான் போனால் பெண்கள் வழி விட்டார்கள். வேண்டுதல் என்னுடையது, ஆகவே அந்தப் பெருமையில் பாதி என்னுடையது என்று நினைத்துத் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மறைக்க மாட்டேன், அது எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

சூடு தெரியாத காலும் வெந்துதான் போகும். இடது கால் கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் கொப்புளம் கிளம்பி உடைந்திருக்கிறது. என்னிடம் முள் குத்தியது என்றார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கொடுக்கச் சொன்னார். அரைத்துக் கொடுத்தேன். கொல்லைப்புறம் போய்த் தானே வைத்துக் கட்டிக்கொண்டார். பட்டாளத்துக்காரர் காயத்தைப் பொண்டாட்டியிடம் காட்டுவாரா? ஒரு மாதம் கழித்து, "வாய் மூடிடுச்சு" என்றார். நான் கற்பூரம் ஏற்றினேன். அடுத்தடுத்த பௌர்ணமிக்கும் நடந்தார்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் குளித்துவிட்டு அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பழக்கம். அத்தனை வருஷத்தில் அவர் பாதத்தின் மேல்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கும்பிட்டேன், கண்ணைத் திறந்து பார்க்கவில்லை.

ஆவணி மாதம் ஒரு காலை. குளித்துவிட்டுச் சிமெண்ட் தரையில் நடந்து போனார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வலது கால் தடம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. இடது கால் தடம் காயவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே காலணா அளவுக்கு ஒரு ஈரம் பளபளவென்று நின்றது. அதன்மேல் ஈ வந்து உட்கார்ந்தது. குனிந்து முகர்ந்தேன். முறத்தைக் கீழே வைத்தேன்.

"இப்படி உக்காருங்க. காலக் காட்டுங்க."

"இன்னாமே இது, காலைல?"

"காட்டுங்க."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆறிப் போச்சு."

"பட்டாளத்துல தினம் காலப் பாத்துதான் விடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? சிப்பாய்க்குக் காலுதான் முக்கியம்னு ஆபீசரு வரிசையா நிக்க வெச்சுப் பாப்பாருன்னு? அந்த ஆபீசரு பாக்கலாம், நான் பாக்கக் கூடாதா?"

காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பொண்டாட்டி மடியில் காலை வைப்பதா என்று இழுத்தார். விடவில்லை. கட்டைவிரல் வீங்கி, சிவந்து, சேப்பங்கிழங்கு போல் மினுங்கியது. உள்ளங்காலில் ஒரு ஓட்டை, மல்லாட்டைப் பருப்பு நுழைகிற அளவு. சுற்றிலும் தோல் வெள்ளையாகத் தடித்திருந்தது. அழுத்தினேன். சீழ் வந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அந்த வலி தெரியாத முகத்தைத்தான் நாலு மாதமாக அருள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாளே பஸ் ஏறி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலும்பு டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுபவர். மெல்லிசான ஒரு கம்பியை எடுத்து அந்த ஓட்டைக்குள் விட்டார். விரல் நீளம் உள்ளே போனது. அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். கம்பி கல்லில் பட்டால் வருகிற சத்தம். என் வீட்டுக்காரர் கூரையில் சுற்றுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்டுச்சாம்மா? அது எலும்பு," என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். மற்ற விரல் எலும்பெல்லாம் கரை கட்டினாற்போல் சுத்தமாக இருந்தது. கட்டைவிரல் எலும்பும் அதன் பின்னால் இருக்கிற எலும்பும் செல் அரித்த உத்தரம் போல் பொரிந்திருந்தது.

"மேல மூடிடுச்சுன்னு சொன்னாருங்களே சாமி," என்றேன்.

"மேல மூடிச்சு. கிருமி உள்ளேயே தங்கிடுச்சு. சர்க்கரை ஜாஸ்தியா இருக்கிற உடம்பு, அதுக்கு நல்ல தீனி. ரத்த ஓட்டமும் கம்மி. எலும்புக்குள்ள போயி உக்காந்துக்கிச்சு."

"அவருக்கு வலியே இல்லீங்க. தார் ரோட்டுலகூட சூடு தெரியல. எங்க சாமி அருளுன்னு…"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். "சர்க்கரையில நரம்பு செத்துப் போச்சும்மா. வலின்றது உடம்புக்குக் காவல்காரன். காவல்காரன் செத்த வீட்டுல திருடன் எத்தினி நாள் வேணா இருக்கலாம்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். கட்டைவிரலையும் அரித்த எலும்பையும் எடுத்துவிட வேண்டும். எடுத்தபிறகு மூன்று மாதம் பார்ப்பார். கிருமி மேலே ஏறியிருந்தால் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டும். ஏறாமல் இருக்க மூன்று காரியம்: சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், மாத்திரை ஒரு வேளை தப்பக்கூடாது, இடது கால் தரையில் படவே கூடாது.

"மூணு மாசமும் படக் கூடாதா?" என்று அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "நடுவுல மூணு பௌர்ணமி வருதே. தீபம் வேற வருது."

டாக்டர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இவரை யாரு பாத்துக்கப் போறாங்க?"

"நான்தான்," என்றேன். "காலு போவாதுங்க."

"அப்படி நான் சொல்ல முடியாதும்மா."

"நான் சொல்றேனுங்க."

விரலை எடுத்தார்கள். புரட்டாசி பாதி வரை ஆஸ்பத்திரியில் இருந்தோம். நர்ஸ் ஒரு பெண் எனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தாள். கட்டு மாற்றுவது, கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுவது, மஞ்சள், பச்சிலை எதையும் கிட்டே கொண்டுபோகாமல் இருப்பது. இன்சுலின் ஊசியைக் கொதிக்கவைத்து, தொடையில் கிள்ளிப் பிடித்துக் குத்துவதும் பழகிக்கொண்டேன். முதல் நாள் குத்தப் போய் இரண்டு தரம் ஊசியைப் பின்னால் எடுத்துவிட்டேன். "டார்கெட்டப் பாத்து அடிமே," என்று என்னைக் கேலி செய்தார்.

சர்க்கரை எவ்வளவு என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு நீல மருந்து இருந்தது. கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் அந்த மருந்து, எட்டுச் சொட்டு மூத்திரம், ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் ஆகாது. செங்கல் நிறம் வந்தால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பதைப் படிக்க எனக்கு வராது. ஆனால் நிறம் வரும். பயிர் எப்போது பழுக்கிறது, மாடு எப்போது சினையாகிறது என்று பார்த்தே தெரிந்துகொள்கிறவளுக்கு ஒரு குழாய்த் தண்ணீரைப் பார்க்கத் தெரியாதா?

மணி பார்க்க மட்டும் எனக்கு வராது. அதை அவரிடமே விட்டேன். மிலிட்டரி கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தபடி ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் குரல் கொடுப்பார்: "மாத்திரை டைம்!" காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷனுக்கு அது ஒன்றுதான் டியூட்டி. ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வெளியே போக வேண்டுமென்றால் கட்டைக்கோலை அக்குளில் வைத்து, ஒற்றைக் காலில், என் தோளைப் பிடித்துக்கொண்டு போவார்.

ஐப்பசி வந்தது, தீபாவளி வந்தது. நோன்பு எடுத்தேன். அதிரசம் சுட்டேன், அது இல்லாமல் நோன்பு ஏது? படைத்து, நோன்புக் கயிற்றை அவர் கையில் கட்டினேன். அதிரசக் கூடையை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பாவமாகப் பார்த்தார். நான் பார்க்காதது போல் இருந்தேன்.

மறுநாள் காலை குழாயை விளக்கில் காட்டினேன். நீலம் பச்சையானது, பச்சை மஞ்சளானது, நிற்கவில்லை. செங்கல். சூளையிலிருந்து இப்போதுதான் இறக்கிய செங்கல்.

குழாயை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"எத்தினி?"

"இன்னா எத்தினி?"

"அதிரசம் எத்தினி?"

"நீதான் மேல கட்டிட்டியே. நான் ஒத்தக் காலுல ஏறுவனா?"

நாத்தனார் பண்டிகைக்கு வந்திருந்தாள். கொல்லைப் பக்கம் மெல்ல நழுவப் பார்த்தாள். நில்லு என்றேன்.

"நாலே நாலு அண்ணி," என்றாள். "கண்ணுல தண்ணியோட கேட்டாரு. சாமிக்குப் படைச்சதுதானே, அதுல சர்க்கரை ஏறுமா?"

"இதோ, கொழாயில ஏறியிருக்கு பாரு. உங்கண்ணன் மூத்திரம் பொய் சொல்லுதா?"

"நாலு இல்ல, ஆறு," என்றார் அவர் கட்டிலிலிருந்து. பட்டாளத்துக்காரர். பிடிபட்டால் முழுசாக ஒப்புக்கொள்வார்.

நான் திட்டவில்லை. கூடையை இறக்கி, நாத்தனார் தலையில் வைத்து, போகிற வழியில் பார்க்கிற சாமியாருக்கெல்லாம் கொடுத்துவிட்டுப் போ என்றேன். அதற்கப்புறம் அவர் இருந்த வரைக்கும் எங்கள் வீட்டு நோன்புக்குப் படைத்த அதிரசம் அன்றைக்கே வெளியே போய்விடும். குழாய் நீலத்துக்குத் திரும்ப ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் கட்டு அவிழ்க்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவிழ்த்தேன். புண்ணின் ஓரம் சிவந்திருந்தது. மேலே ஏறுகிறதோ என்று கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். ஏறவில்லை.

கார்த்திகை தீபம். வேங்கிக்கால் ஏரிக்கரையில் நின்றாலே ஊருக்குள் போகிற ஜனத்தின் சத்தம் கேட்கும். அன்று மதியம் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன், மனுஷன் காக்கி பேண்ட் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். கட்டைக்கோல் கையில். இடது கால் தரைக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. தங்கைக்காரி பக்கத்தில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ரெண்டு பௌர்ணமி போச்சு. இது மூணாவது. தீபத்தன்னிக்கும் போகலன்னா நான் இன்னாத்துக்கு உசுரோட இருக்கணும்? கோல ஊனிக்கினு மெதுவா போறேன்."

"எட்டரை மைலு. ஒத்தக் காலுல."

"ஆர்டர் நிக்குதுமே."

"ஆர்டர் போட்டது யாரு? நானு. நானே ரத்துப் பண்றேன்."

நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அண்ணி! சாமிகிட்ட சொன்னத நீயா மாத்தலாமா? இந்தக் கஷ்டமே ரெண்டு மாசம் போவாததாலதான் ஜாஸ்தியாவுது. பூ கட்டிப் பாத்துட்டு செய்."

எங்கள் பக்கத்தில் சாமியின் உத்தரவு கேட்பதற்கு அதுதான் வழி. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து விளக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. அவளே அரளிப்பூ பறித்து வந்தாள், அவளே மடித்தாள். அவர் நடக்காமல் இருந்தால் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தாள்.

சிவப்பு.

மூன்று பேரும் அந்தப் பூவையே பார்த்தோம். பதினாறு வருஷம் முன்னால் நான் கேட்டதைக் கொடுத்த சாமி, இன்றைக்கு மாட்டேன் என்கிறார். அவர் கோலை ஊன்றி எழப் பார்த்தார்.

நான் அந்தக் கோலை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

"சரி. சாமி மாட்டேன்னு சொல்லிட்டாரு. நானும் மாட்டேன்னு சொல்றேன். நான் போயி நேர்லயே பேசிக்கிறேன்."

"கோலக் குடுமே!"

"கோலு என்னோட வருது. நீங்க எப்படி வர்றீங்கன்னு பாக்கறேன்." நாத்தனாரிடம் திரும்பினேன். "உங்கண்ணனுக்கு நீதான் காவல். வெளிய போவணும்னா உன் தோளக் குடு. அந்தக் காலு தரையில பட்டுதுன்னு தெரிஞ்சா, செத்தாலும் உன் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்."

கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தேன். ஜனக் கடலில் கலந்து மலையைச் சுற்ற ஆரம்பித்தேன். நன்றாக நடக்கிற பொம்பளை எதற்குக் கட்டைக்கோலைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். ஒரு கிழவர் கேட்டே விட்டார்: "யாருதும்மா அது?"

"நடக்க வேண்டியவரோடது."

"அவரு எங்க?"

"நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன்."

கிழவருக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் நான் மலையைப் பார்க்கவில்லை, முன்னால் போகிறவர்கள் காலைப் பார்த்துக்கொண்டே போனேன். வெடித்த கால், மெட்டி போட்ட கால், சேறு அப்பிய கால். கல் குத்தினால் ஒவ்வொருவரும் 'ஸ்' என்று காலைத் தூக்கினார்கள். எனக்கும் குத்தியது, நானும் தூக்கினேன். அது எவ்வளவு பெரிய வரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடி அண்ணாமலைக் கோயிலில் கூட்டம் நெரிந்தது. உள்ளே போக முடியவில்லை. வாசலிலேயே நின்று, கோலைத் தரையில் ஊன்றிப் பேசினேன். சத்தமாகத்தான் பேசினேன், அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? "ரெண்டு காலோட வரணும்னு கேட்டேன், குடுத்த. அந்தக் கால நான் இப்ப காப்பாத்தணும். நடக்கிறேன்னு சொன்னது என் வாயி. அதனால இனிமே என் காலு நடக்கும். உனக்குச் சம்மதம்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. கோவம்னா என் மேல காட்டு."

நான் பாதி சுற்றைத் தாண்டிப் போகும்போது பொழுது சாய்ந்து உச்சியில் தீபம் ஏறியது. ஜனம் முழுக்க 'அரோகரா' என்று அலறியது. நான் கோலோடு சேர்த்துக் கையைக் கூப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கட்டிலை வாசலுக்கு இழுக்கவைத்து, மலையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கால் தலையணைமேல்.

"தரையில படல அண்ணி," என்றாள் நாத்தனார். "என்னத்தான் படாத பாடு படுத்திட்டாரு. மூணு தரம் டீ, ரெண்டு தரம் வெந்நீ. அதுக்கு நானே மலைய சுத்தியிருக்கலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முடிச்சிட்டியா?"

"முடிச்சேன்."

"இப்படி உக்காரு. காலக் காட்டு."

காட்டினேன். கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு, என் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆபீசர் பார்க்கிற மாதிரி. ஒரு முள்ளை எடுத்தார். வலித்தது, கத்தினேன். "நல்ல காலு," என்றார்.

மார்கழியில் டாக்டர் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பின் ஓரம் சுத்தமாக இருக்கிறது, கிருமி மேலே ஏறவில்லை, கால் இருக்கட்டும் என்றார். "நீங்கதான் சொன்னீங்க இல்ல," என்று என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அத்தோடு அந்த வியாதி விட்டுவிட்டதாக யாரும் நினைக்கக்கூடாது. இரண்டு வருஷம் கழித்து அதே இடம் திறந்து ஒரு எலும்புத் துணுக்கு வெளியே வந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி ஆறு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை. ஆனால் இந்தத் தடவை இரண்டாம் நாளே கண்டுபிடித்தேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் தினமும் காலையில் கால் பரேடு. காப்பிக்கு முன்னால் அவர் காலை நீட்ட வேண்டும். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் நான் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை கும்பிடுவதை விட்டுவிட்டேன். தினமும் பார்ப்பது போதும்.

செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி டயர் அடி வைத்து, உள்ளே மெத்தென்று கம்பளி வைத்து, கட்டைவிரல் இல்லாத இடத்தில் பஞ்சடைத்து ஒரு ஜோடி செய்தோம். வீட்டுக்குள்ளும் அதுதான். பௌர்ணமிக்கு நான் சுற்றுவேன், அவர் தங்கையின் மோர்க்கடையில் வந்து உட்கார்ந்திருப்பார், செருப்போடு. வழியில் போகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர், "மலை சுத்துற பாதையில செருப்பா? பெரியவரு இப்படிப் பண்ணலாமா?" என்றார்.

"உங்க காலுக்கு சூடு தெரியுது, கழட்டியிருக்கீங்க," என்றேன். "இவரு காலுக்குத் தெரியல, போட்டிருக்காரு. மோர் வேணுமா?"

இப்படியே ஒன்பது வருஷம். அந்தக் கால் எங்களோடு இருந்தது. மல்லாட்டை பறித்தோம், கிணற்றை ஆழமாக்கினோம். வேங்கிக்காலில் வீடுகள் எழும்ப ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

குளிப்பாட்டி வேட்டி கட்டி நடு வீட்டில் கிடத்தினார்கள். நாத்தனார் வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்தாள். இறந்தவர் இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டுவது முறை. அவள் வலது விரலைப் பிடித்தாள், இடது பக்கம் கையைக் கொண்டுபோனாள், நின்றுவிட்டாள். அழுகைக்கு நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுல கட்டறது அண்ணி?"

நான் போய் அவள் கையிலிருந்து நாடாவை வாங்கினேன். கடைசியாக ஒரு தடவை இரண்டு உள்ளங்காலையும் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. கணுக்கால் இரண்டையும் சேர்த்து வைத்தேன்.

"இதுல கட்டலாம்," என்றேன். "ரெண்டு காலும் இருக்குதில்ல."